லெப்டோனிகா முதலில், டெசராக்ட் பிறகு

கோலாலம்பூர்க் காற்றில் ஐம்பது அறுபது ஆண்டுகள் கிடந்த தாள் ஒரே நிறமாக இருப்பதில்லை. ஓரங்கள் தேநீர் நிறத்துக்கு வந்திருக்கும், நடுப்பகுதி வெளிறியிருக்கும், இடையிடையே பூஞ்சையின் பழுப்புப் பொட்டுகள். 1924இல் இங்கே தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் போன்ற நாளிதழ்களின் பழைய பக்கங்கள், கோயில் மலர்கள், சங்க ஆண்டறிக்கைகள் என எதை ஸ்கேன் செய்து எழுத்துணரியிடம் (படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் நிரல்) கொடுத்தாலும், அது முதலில் தடுக்கி விழுவது இந்த நிறவேறுபாட்டில்தான்.

காரணம் எளிது. எழுத்தைப் படிக்கும் முன்பே டெசராக்ட் என்ற எழுத்துணரி பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுகிறது. 4.1.1 பதிப்பு அதற்கு ஒட்சு முறையை எடுத்துக்கொள்கிறது: முழுப் படத்துக்கும் ஒரே கோடு, அதற்கு மேலே வெள்ளை, கீழே கறுப்பு. கறை படிந்த ஓரம் மொத்தமும் கறுப்பாகி எழுத்தை விழுங்கிவிடும். 2021 நவம்பரில் வந்த 5.0 பதிப்பில் இதற்கு மூன்று வழிகள் உண்டு. ‘திரெஷ்ஹோல்டிங் மெத்தட்’ என்ற அமைப்பில் 0 என்றால் பழைய ஒட்சு, 1 என்றால் பக்கத்தைத் துண்டு துண்டாகப் பார்க்கும் ஒட்சு, 2 என்றால் சவோலா. சவோலா ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் சுற்றுப்புறத்தைப் பார்த்துத் தனிக் கோடு போடுகிறது. பழுப்பேறிய தாளுக்கு வேண்டியது இதுதான்.

உபுண்டு 22.04 என்ற லினக்ஸின் கிடங்கில், அதாவது ஆயத்த நிரல்களை இறக்கிக்கொள்ளும் இடத்தில், கிடைப்பது 4.1.1. டெபியன் 11இலும் அதே. ஆகவே அந்தக் கணினிகளில் 5 வேண்டுமென்றால் மூலநிரலிலிருந்து கட்ட வேண்டும். உபுண்டு 24.04 வைத்திருப்பவர்களுக்குக் கிடங்கிலேயே 5.3.4 இருக்கிறது, டெபியன் 12இல் 5.3.0 இருக்கிறது. அவர்கள் இந்த வேலையில் இறங்கத் தேவையில்லை. கிடங்கில் கிடைப்பதை விட்டுவிட்டுக் கட்டுவது பெருமைக்குரிய காரியம் அல்ல, பின்னால் பராமரிக்க வேண்டிய சுமை.

ஒரு குறிப்பு: கட்டளைகளை வாயால் சொல்வது போலவே இங்கே எழுதியிருக்கிறது. திரையில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துதான்.

அடித்தளம்

டெசராக்டுக்குப் படக் கோப்பைத் திறக்கத் தெரியாது. பிஎன்ஜி, ஜேபெக், டிஃப் எதுவானாலும் படத்தைத் திறந்து கொடுப்பது லெப்டோனிகா என்ற நிரலகம். சவோலா கணக்கைப் போடுவதும் அதுவே. லெப்டோனிகாவும் அந்தக் கோப்பு வகைகளை நேரடியாக அறியாது. அது லிப்பிஎன்ஜி, லிப்ஜேபெக், லிப்டிஃப், லிப்வெப்பி ஆகியவற்றை நம்பியிருக்கிறது. அவற்றில் லிப்பிஎன்ஜி இசட்லிப்பை நம்பியிருக்கிறது. கட்டும் வரிசையும் இதேதான், கீழிருந்து மேலே: இசட்லிப், பிஎன்ஜி, ஜேபெக், டிஃப், லெப்டோனிகா, டெசராக்ட்.

நிர்வாக அனுமதி உள்ள கணினியில் கீழ்மட்டம் ஐந்து நிமிட வேலை. ஜி++, ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல், பிகேஜி-கான்ஃபிக், கிட் ஆகிய கருவிகளைக் கிடங்கிலிருந்து நிறுவும் ஆப்ட் கட்டளை வழியாக நிறுவுங்கள். டெசராக்ட் 5க்கு சி++17 தெரிந்த தொகுப்பி (மூலநிரலை ஓடக்கூடிய நிரலாக மாற்றுவது) வேண்டும், 22.04இன் ஜி++ அதற்குப் போதும். பிறகு பட நிரலகங்களின் ‘டெவ்’ தொகுப்புகளை நிறுவுங்கள். இந்த ‘டெவ்’ என்ற வாலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். லிப்பிஎன்ஜி ஏற்கனவே கணினியில் இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள். அங்கே இருப்பது நிரலை ஓட்டுவதற்கான பகுதி. தொகுப்பதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் டெவ் தொகுப்பில் மட்டுமே வரும்.

22.04இல் லெப்டோனிகாவைக்கூடக் கட்டத் தேவையில்லை. கிடங்கில் இருப்பது 1.82, டெசராக்ட் 5 கேட்பது 1.74 அல்லது அதற்கு மேல். அதன் டெவ் தொகுப்பைப் போட்டுவிட்டு நேரே டெசராக்டுக்குப் போகலாம். லெப்டோனிகாவைக் கையால் கட்ட வேண்டி வருவது இரண்டு இடங்களில்: கணினி மிகப் பழையதாக இருக்கும்போது, அல்லது கல்லூரி, அலுவலகக் கணினிகளில் சூடோ என்ற நிர்வாக அனுமதி இல்லாதபோது. இரண்டாவது நிலை அடிக்கடி வருவதால் லெப்டோனிகாவைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

லெப்டோனிகா சத்தமில்லாமல் விட்டுவிடுவது

லெப்டோனிகாவின் வெளியீட்டுத் தொகுப்பை இறக்கி விரித்து, உள்ளே போய் கான்ஃபிகர் (கணினியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது), மேக் (தொகுப்பது), மேக் இன்ஸ்டால் (நிறுவுவது). கிட் வழியாக எடுத்திருந்தால் கான்ஃபிகர் கோப்பு இருக்காது, முதலில் ஆட்டோஜென் என்ற ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். டெசராக்டுக்கும் இதே கதை.

கான்ஃபிகர் ஓடும்போது திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். அவற்றில் லிப்பிஎன்ஜி இருக்கிறதா என்ற வரிக்கு நேராக ‘நோ’ என்று வந்திருந்தாலும் அது நிற்காது. பிழை சொல்லாது. கடைசியில் எல்லாம் சரி என்பது போல முடியும். மேக் முடியும், நிறுவலும் முடியும். லெப்டோனிகாவுக்குள் ஒவ்வொரு பட வகைக்கும் வெற்று வடிவம் ஒன்று உண்டு. பிஎன்ஜி நிரலகம் கிடைக்காவிட்டால், அதே பெயருள்ள செயல்கூறுகளைக் கொண்ட வெற்றுக் கோப்பு உள்ளே சேர்கிறது. பெயர் பொருந்துவதால் டெசராக்டும் குறையின்றி இணைகிறது. மறுநாள் ஒரு பிஎன்ஜி படத்தைக் கொடுக்கும்போதுதான் ‘ஃபங்ஷன் நாட் பிரசன்ட்’ என்ற செய்தி வரும். பார்க்கிறவர் படம் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி ஸ்கேன் செய்யப் போவார். தவறு இரண்டு மாடி கீழே இருக்கிறது.

இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. கான்ஃபிகர் கட்டளையோடு ‘வித் லிப்பிஎன்ஜி’, ‘வித் ஜேபெக்’, ‘வித் லிப்டிஃப்’ என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நாமே கேட்டது கிடைக்காவிட்டால் அது பிழை சொல்லி அங்கேயே நின்றுவிடும். சும்மா விட்டால் இருந்தால் சேர்க்கும், இல்லாவிட்டால் தாண்டிப் போகும். தாண்டிப் போவதைவிட நிற்பது எவ்வளவோ மேல். ஏன் கிடைக்கவில்லை என்பது அதே கோப்புறையில் ‘கான்ஃபிக் லாக்’ கோப்பில் இருக்கும். அதை முழுவதும் படிக்க வேண்டாம், நிரலகத்தின் பெயரைத் தேடி அதற்கு மேலும் கீழும் இருபது வரிகளைப் பார்த்தால் போதும்.

சூடோ இல்லாத கணினியில் ‘பிரிஃபிக்ஸ்’ என்ற தெரிவுக்கு உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் ஓர் இடத்தைக் கொடுங்கள். அடுக்கில் உள்ள எல்லா நிரலகங்களுக்கும் அதே இடம்தான். பிறகு ‘பிகேஜி கான்ஃபிக் பாத்’ என்ற சூழல் மாறியில் அந்த இடத்தின் ‘லிப்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘பிகேஜிகான்ஃபிக்’ கோப்புறையைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த மாடிக்குக் கீழ்மாடி தெரியாது. டெசராக்டின் கான்ஃபிகர் ‘லெப்டோனிகா 1.74 அல்லது அதற்கு மேல் தேவை’ என்று சொல்லி நிற்கும். இப்போதுதானே 1.84 போட்டோம் என்று குழம்புவார்கள். நிரலகம் இருக்கிறது, அதன் விலாசச் சீட்டுத்தான் போய்ச் சேரவில்லை. நிரலகங்கள் எங்கே என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக்கிடம் ‘லெப்ட்’ என்ற பெயரைக் கொடுத்துப் பதிப்பு எண் கேட்டால் அரை நொடியில் தெரிந்துவிடும். எண் வராமல் டெசராக்டின் கான்ஃபிகரை ஓட்டிப் பயனில்லை.

கோப்புறைப் பெயர்களில் இடைவெளி வேண்டாம். ‘பழைய இதழ்கள்’ என்று பெயரிட்ட கோப்புறைக்குள் வைத்துக் கட்டினால், பாதையில் உள்ள இடைவெளிக்காகவே கான்ஃபிகர் ‘அன்சேஃப்’ என்று மறுத்துவிடும்.

விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. மூலநிரலை சி டிரைவில் வைக்காதீர்கள், லினக்ஸ் பக்கத்து வீட்டுக் கோப்புறையில் வையுங்கள். சி டிரைவில் தொகுப்பு ஆமை வேகத்தில் நகரும். அதைவிட மோசம், விண்டோஸ் கிட்டால் எடுத்த நிரல். அது வரி முடிவுகளை மாற்றிவிடும், ஆட்டோஜென் ஓடும்போதே ‘பேட் இன்டர்பிரிட்டர்’ என்று செத்துப்போகும். டபிள்யூஎஸ்எல்லுக்குள் இருக்கும் கிட்டால் மறுபடி எடுப்பதே சுருக்கமான தீர்வு.

டெசராக்ட்

முறை அதேதான்: ஆட்டோஜென், கான்ஃபிகர், மேக், சூடோ மேக் இன்ஸ்டால், பிறகு சூடோ எல்டிகான்ஃபிக். கடைசிப் படியைத்தான் பலர் மறக்கிறார்கள். மறந்தால் ‘லிப்டெசராக்ட் 5ஐத் திறக்க முடியவில்லை’ என்று நிரல் மறுக்கும். கோப்பு ‘யூஎஸ்ஆர் லோக்கல் லிப்’ கோப்புறையில் கண்ணெதிரே இருக்கும், ஆனால் கணினியின் நிரலகப் பட்டியலில் இன்னும் ஏறியிருக்காது. வீட்டுக் கோப்புறையில் கட்டியவர்கள் எல்டிகான்ஃபிக்குக்குப் பதிலாக ‘எல்டி லைப்ரரி பாத்’ மாறியில் அந்த லிப் கோப்புறையைக் கொடுக்க வேண்டும்.

சூடோவை நிறுவும் படிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கான்ஃபிகரையும் மேக்கையும் சூடோவோடு ஓட்டினால், உருவாகும் கோப்புகள் எல்லாம் ரூட் என்ற நிர்வாகியின் பெயரில் போய்விடும். அடுத்த முறை சாதாரணமாகக் கட்டும்போது அனுமதி மறுப்பு வந்துகொண்டே இருக்கும்.

மேக் கட்டளையோடு ‘ஜே 4’ என்று சேர்த்தால் நான்கு கோப்புகள் ஒரே சமயத்தில் தொகுக்கப்படும். லோ யாட் பிளாசா கணினிக் கடைகளில் வாங்கிய பழைய மடிக்கணினியில் 2 ஜிபி, 4 ஜிபி நினைவகம்தான் இருக்கிறது என்றால் ‘ஜே 1’ அல்லது ‘ஜே 2’ போதும். ‘கில்டு’ என்ற சொல்லோடும் ‘சிசி1பிளஸ்’ என்ற பெயரோடும் தொகுப்பு பாதியில் நின்றால் நிரலில் பிழை இல்லை. நினைவகம் தீர்ந்து கணினியே தொகுப்பியைக் கொன்றிருக்கிறது. மேக்கை மறுபடி ‘ஜே 1’ஓடு ஓட்டுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

வேகத்துக்காக ‘மார்ச் நேட்டிவ்’ என்ற தெரிவைச் சேர்க்கச் சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. கட்டிய கணினியிலேயே ஓட்டப்போகிறீர்கள் என்றால் கெடுதல் இல்லை. புதிய கணினியில் கட்டிச் சங்கத்தின் பழைய கணினிக்கு எடுத்துப்போனால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று விழும். டெசராக்ட் ஓடும்போதே செயலியின் திறனைப் பார்த்து ஏவிஎக்ஸ்2 போன்ற வேகக் கட்டளைகளைத் தானே எடுத்துக்கொள்வதால் இந்தத் தெரிவால் பெரிய லாபமும் இல்லை.

நிறுவியதும் முதல் வேலை, பதிப்பைக் கேட்பது. அந்த வெளியீட்டை எண்ணோடு நிறுத்தாமல் முழுவதும் படியுங்கள். முதல் வரியில் டெசராக்ட், இரண்டாவதில் லெப்டோனிகா, மூன்றாவதில் லிப்ஜிஃப், லிப்ஜேபெக், லிப்பிஎன்ஜி, லிப்டிஃப், இசட்லிப் என்று வரிசையாக வரும். எந்தப் பெயர் அந்த வரியில் இல்லையோ அந்த வகைப் படம் திறக்காது. மேலே சொன்ன வெற்றுக் கோப்புச் சிக்கலைக் கண்டுபிடிக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

பதிப்பு 4.1.1 என்றே வந்தால் பழையது முன்னால் நிற்கிறது. ‘விச்’ கட்டளையோடு ஏ என்ற தெரிவைச் சேர்த்துக் கேளுங்கள், இரண்டு இடங்கள் காட்டும். திறந்திருக்கும் டெர்மினல் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கலாம் என்பதால் ‘ஹாஷ் ஆர்’ கொடுங்கள் அல்லது புதிய டெர்மினல் திறவுங்கள். கிடங்குப் பதிப்பை முன்கூட்டியே நீக்கிவிடுவது இன்னும் நிம்மதி. பைத்தான் வழியாக ஓட்டுபவர்கள் கவனிக்க: பைடெசராக்ட் வெறுமனே அந்த நிரலைக் கூப்பிடுகிறது, எனவே பாதையைச் சரிசெய்தால் போதும். டெசரோசிஆர் நிரலகத்தோடு நேரடியாக இணைவது, அதைப் புதிய பதிப்போடு சேர்த்து மறுபடி கட்ட வேண்டும்.

மூலநிரல் கோப்புறையை அழிக்காதீர்கள். மேக் அன்இன்ஸ்டால் அங்கிருந்துதான் வேலை செய்யும். ஆப்டுக்கு இந்த நிறுவலைப் பற்றி எதுவும் தெரியாது. கான்ஃபிகருக்கு என்ன தெரிவுகள் கொடுத்தீர்கள் என்பதையும் அங்கேயே ஓர் உரைக் கோப்பில் எழுதி வையுங்கள்.

தமிழ்த் தரவு

மூலநிரல் நிறுவலோடு தமிழ் வராது. ‘டாம்’ என்ற பெயருள்ள பயிற்சித் தரவுக் கோப்பைத் தனியாக இறக்கி ‘யூஎஸ்ஆர் லோக்கல் ஷேர் டெஸ்டேட்டா’ கோப்புறையில் போட வேண்டும். கிடங்குப் பதிப்புக்காக முன்பு நிறுவிய தமிழ் வேறு கோப்புறையில் இருக்கும், புதியது அதைத் தேடாது. கிட்ஹப் பக்கத்தில் வலச்சொடுக்குப் போட்டுச் சேமித்தால் பல சமயம் தரவுக்குப் பதிலாக இணையப் பக்கமே சேமிக்கப்படும். பெயர் சரியாக இருக்கும், உள்ளே எச்டிஎம்எல். ‘ஃபைல்’ கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்று வகைத் தரவுகள் உண்டு: வெறும் டெஸ்டேட்டா, ஃபாஸ்ட், பெஸ்ட். கிடங்குகள் கொடுப்பது ஃபாஸ்ட். பழைய அச்சுக்குப் பெஸ்ட்தான் என் தேர்வு. நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் ஒரு பக்கத்தைக் கையால் திருத்தும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

‘டெஸ்டேட்டா பிரிஃபிக்ஸ்’ மாறியைப் பற்றி இணையத்தில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். டெசராக்ட் 1985 முதல் 1994 வரை எச்பி நிறுவனத்தில் உருவாகி, 2005இல் திறந்த மூலமாகி, 2018இல் 4ஆம் பதிப்பில் நரம்பு வலைக்கு மாறியது. 3ஆம் பதிப்பு வரை அந்த மாறி டெஸ்டேட்டாவின் தாய்க் கோப்புறையைக் காட்ட வேண்டும், 4 முதல் டெஸ்டேட்டாவையே காட்ட வேண்டும். 2018க்கு முந்தைய வழிகாட்டியைப் பின்பற்றினால் தரவு கண்முன் இருந்தும் திறக்காது. சொந்தமாக ஒரு தரவுக் கோப்புறை வைத்துக்கொள்பவர்கள் ‘கான்ஃபிக்ஸ்’ என்ற உட்கோப்புறையையும் ‘பிடிஎஃப்’ எழுத்துருக் கோப்பையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும். தமிழ்க் கோப்பை மட்டும் வைத்தால் உரை வெளியீடு வரும், தேடக்கூடிய பிடிஎஃப் வெளியீடு வராது.

நம் இதழ்களில் விளம்பரங்களும் முகவரிகளும் மலாயிலும் ஆங்கிலத்திலும் கலந்து வரும். மலாய்க்கான தரவின் பெயர் ‘எம்எஸ்ஏ’. மொழித் தெரிவில் டாம், கூட்டல் குறி, எம்எஸ்ஏ என்று கொடுங்கள். முதலில் சொல்வதே முதன்மை மொழி, வரிசையை மாற்றாதீர்கள். எல்லாப் பக்கத்துக்கும் மூன்று மொழிகளையும் கொடுப்பது நல்லதல்ல. வேகம் குறையும், மங்கிய தமிழ் எழுத்தை ரோமன் எழுத்தாகப் படிக்கும் ஆபத்தும் கூடும்.

படம்

டெசராக்ட் பிடிஎஃப்பைப் படிக்காது. பாப்ளர் கருவிகளில் உள்ள ‘பிடிஎஃப் டூ பிபிஎம்’ நிரலால் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) பக்கங்களைப் பிரித்தெடுங்கள். 300 டிபிஐயில் ஏ4 பக்கம் 2480க்கு 3508 புள்ளிகள். கைப்பேசியில் எடுக்கும் 12 மெகாபிக்சல் படத்தின் நீளம் 4000 புள்ளிகள், பக்கம் சட்டகத்தை நிறைத்தால் 340 டிபிஐ வரை கிடைக்கும், போதும். அதையே வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நீளம் சுமார் 1600 புள்ளிகளாகச் சுருங்கும், அது 140 டிபிஐக்கும் கீழே. தமிழில் அங்கே முதலில் போவது மெய்யெழுத்தின் புள்ளி. ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

புள்ளிதான் பழைய தாளில் பெரிய வழக்கு. மை உதிர்ந்தால் ‘க்’ ‘க’ ஆகிவிடும், பூஞ்சைப் பொட்டு எழுத்தின் தலைமேல் விழுந்தால் ‘க’ ‘க்’ ஆகிவிடும். சவோலா நிறவேறுபாட்டைச் சமாளிக்கும், பூஞ்சைப் பொட்டை நீக்காது. ‘கெட் இமேஜஸ்’ என்ற அமைப்பைச் சேர்த்து ஓட்டினால் டெசராக்ட் உள்ளே பார்க்கும் கறுப்பு வெள்ளைப் படம் வெளியே கிடைக்கும். 0, 1, 2 மூன்றையும் ஒரே பக்கத்தில் ஓட்டி, அந்தப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு இதழுக்கு ஒன்றாகத் தேர்ந்துகொள்ளுங்கள். வெள்ளையான தாளுக்கு 0 போதும், சவோலா அங்கே சில சமயம் தாளின் நாரையும் எழுத்தாகக் கிளப்பிவிடும்.

நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒரே சமயத்தில் பல ஓட்டங்களாக விடும்போது ‘ஓஎம்பி திரெட் லிமிட்’ மாறியை 1 ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வோர் ஓட்டமும் நான்கு இழைகள் வரை எடுத்து, ஒன்றையொன்று நெரித்து, எல்லாமே தாமதமாகும்.

பழைய எழுத்து

தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்ற சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசை, ணை, லை, ளை, னை ஆகிய பதின்மூன்றும் வேறு வடிவில் இருக்கும். கிடைக்கும் தமிழ்த் தரவு தும்பிக்கை போட்ட ‘லை’யை வேறு எழுத்தாகப் படிக்கிறது. எந்தப் பட மெருகூட்டலும் இதற்கு உதவாது, தரவுக்கு மேற்பயிற்சி கொடுக்க வேண்டும்.

அதற்கான கருவிகள் டெசராக்டை மேக் செய்யும்போது தாமாகக் கட்டப்படுவதில்லை. ஐசியூ, பேங்கோ, கெய்ரோ என்ற மூன்று நிரலகங்களின் டெவ் தொகுப்புகளும் கான்ஃபிகருக்கு முன்பே இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘டிரெய்னிங் டூல்ஸ் வில் நாட் பி பில்ட்’ என்று ஓர் எச்சரிக்கை வரி மட்டும் ஓடி மறையும். இருந்தால் ‘மேக் டிரெய்னிங்’, பிறகு ‘சூடோ மேக் டிரெய்னிங் இன்ஸ்டால்’.

பயிற்சிக்கு டெஸ்டிரெய்ன் என்ற தொகுப்பு வசதியானது. பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியையும் தனிப் படமாக வெட்டி, அதே பெயரில் அந்த வரியின் உரையை ‘ஜிடி டிஎக்ஸ்டி’ என்ற முடிவோடு பக்கத்தில் வைக்க வேண்டும். பழைய ‘லை’க்கு யூனிகோடில் தனிக் குறியீடு கிடையாது. ல, அதன் பின் ஐகாரக் குறி, அவ்வளவுதான். வடிவம் மட்டுமே மாறியிருக்கிறது. ஆகவே உரையை இன்றைய எழுத்திலேயே தட்டச்சு செய்யுங்கள். ஒகரத்தைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளில் தட்டினால் ஒரே குறியாக ஆகும்படி என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பயிற்சி உரையில் இரண்டும் கலந்திருந்தால் வெளியீட்டிலும் கலந்து வரும், பிறகு தேடல் பாதிச் சொற்களைத் தவறவிடும்.

தொடக்கத் தரவாகப் பெஸ்ட் வகை ‘டாம்’ கோப்பைத்தான் கொடுக்க வேண்டும். ஃபாஸ்ட் வகை முழுஎண்ணாகச் சுருக்கப்பட்டது, அதன்மேல் பயிற்சியைத் தொடர முடியாது என்று கருவியே நிறுத்திவிடும். வரிகளில் ஒரு பங்கைப் பயிற்சிக்குக் காட்டாமல் ஒதுக்கி வைத்துப் பிழை வீதத்தை அதில் மட்டும் பாருங்கள். பயிற்சி வரிகளில் பழைய ‘லை’யும் ‘னை’யும் மட்டுமே நிறைந்திருந்தால், மற்ற எழுத்துகளில் இருந்த திறமை மங்கிவிடும், சாதாரண வரிகளும் கலந்தே இருக்கட்டும். முடிந்த தரவை ‘டாம்’ என்ற பெயரில் மேலெழுதாமல் ‘டாம்ஓல்ட்’ போன்ற வேறு பெயரில் டெஸ்டேட்டாவில் போடுங்கள். 1978க்குப் பிந்தைய இதழ்களுக்குப் பழைய ‘டாம்’ அப்படியே வேண்டியிருக்கும்.